மென்பொருள் காப்புரிமை: தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்

2010 டிசம்பரில் ஆன்லைவ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. எண் 7,849,491. விண்ணப்பம் போட்டது 2002 டிசம்பரில், கைக்கு வர எட்டு ஆண்டு ஆகிவிட்டது. விளையாட்டைத் தொலைவில் உள்ள கணினியில் ஓடவிட்டுப் படத்தை மட்டும் நம் திரைக்கு அனுப்பும் கிளவுட் கேமிங் என்ற யோசனையையே அந்த நிறுவனம் தன் பெயருக்கு எழுதி வாங்கிவிட்டது என்கிற மாதிரிதான் பேச்சு பரவியது. ஆவணத்தின் தலைப்பிலோ 'கிளவுட்' என்ற சொல்லே கிடையாது. கம்பியில்லா வீடியோ விளையாட்டுக்கான கருவியும் முறையும் என்பதுதான் அதன் சாரம். அடுத்த ஆண்டே கைக்காய் என்ற நிறுவனம் போட்டிக்கு வந்தது. 2012-இல் சோனி அதை 38 கோடி டாலருக்கு வாங்கியது. 2019-இல் கூகுள் தன் பங்குக்கு ஸ்டேடியா என்ற கிளவுட் கேமிங் சேவையைத் திறந்தது.

ஒரு யோசனையை யாராவது மொத்தமாக வளைத்துப் போட முடியுமா? முடியாது. ஆனால் மென்பொருள் காப்புரிமை பற்றிய பேச்சு பெரும்பாலும் முடியும் என்று நினைத்துக்கொண்டே நடக்கிறது. கணினிகளில் நடக்கும் நிகழ்வுகளைக் கண்காணிப்பது, விளையாட்டுகளை இணையம் வழியே ஓடவிடுவது ஆகிய இரண்டு துறைகளை வைத்து இதைப் பார்க்கலாம். முதல் துறையில் காப்புரிமைகள் நீதிமன்றத்தில் நிறைய அடி வாங்கியிருக்கின்றன. இரண்டாவதன் பிரச்சினைகளே வேறு மாதிரி.

காப்புரிமை எதைத் தருகிறது, எதைத் தரவில்லை

ஒரு கண்டுபிடிப்பை அனுமதி இல்லாமல் மற்றவர்கள் செய்வதையும் விற்பதையும் பயன்படுத்துவதையும் தடுக்க அரசு தரும் உரிமையே காப்புரிமை. பெரும்பாலான நாடுகளில் இதன் ஆயுள் விண்ணப்ப நாளில் இருந்து 20 ஆண்டு. பதிலுக்கு, அதை எப்படிச் செய்வது என்று துறை தெரிந்தவர்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆவணத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

'தடுக்க' என்ற இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். காப்புரிமை இருப்பதால் மட்டும் அந்தப் பொருளை நீங்கள் தயாரிக்கலாம் என்று ஆகிவிடாது. உங்கள் முறை இன்னொருவரின் முறைமேல் கட்டப்பட்டிருந்தால் அவருடைய அனுமதியும் வேண்டும்.

இதைப் பதிப்புரிமையோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. நீங்கள் எழுதிய நிரல் வரிகளுக்குப் பதிப்புரிமை எழுதியவுடனேயே வந்துவிடும், விண்ணப்பம்கூட வேண்டாம். ஆனால் அந்த வரிகளை நகலெடுப்பதை மட்டும்தான் அது தடுக்கும். அதே வேலையைச் செய்யும் நிரலை வேறொருவர் தன் சொந்தக் கையால் எழுதினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. காப்புரிமை அப்படியல்ல. அது வரிகளை விட்டுவிட்டு வேலை நடக்கும் முறையைப் பார்க்கிறது. உங்கள் நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் தானாகவே அதே முறைக்கு வந்து சேர்ந்தாலும் அது மீறல்தான். நிரலாளர்கள் பலருக்குக் காப்புரிமை என்றாலே கோபம் வருவது இந்த இடத்தில்தான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

காப்புரிமை கிடைக்க விஷயம் புதியதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளவற்றில் இருந்து துறை தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றக்கூடியதாகவும் இருக்கக் கூடாது. மென்பொருளுக்கு இவற்றோடு இன்னொரு தடையும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

எல்லை எங்கே எழுதப்படுகிறது

ஒரு காப்புரிமை ஆவணத்தில் தலைப்பு, சுருக்கம், படங்கள், நீளமான விளக்கம் எல்லாம் இருக்கும். கடைசியில் எண்ணிட்ட வாக்கியங்கள் வரிசையாக வரும். இவைதான் உரிமைகோரல்கள். சட்டப்படி எது உங்களுடையது என்று சொல்வது இந்த வாக்கியங்கள் மட்டுமே.

நிலப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் ஊர்ப் பெயரும் நிலத்தின் வரலாறும் எவ்வளவு எழுதியிருந்தாலும், எது யாருடையது என்ற சண்டை வந்தால் எல்லோரும் புரட்டுவது நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியைத்தான். உரிமைகோரல் அந்தப் பகுதி. தலைப்பு ஊர்ப் பெயர் மாதிரி. ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு ஊரையே வாங்கிவிட்டார் என்று சொல்வதுதான் நாம் வழக்கமாகச் செய்வது.

ஒரு உரிமைகோரல் எப்படி இருக்கும் என்று காட்ட நானே ஒன்றை எழுதிப் பார்க்கிறேன். இது எங்கும் பதிவானதல்ல.

"ஒரு கண்காணிப்பு முறை, அதில் (அ) பல கணினிகளில் இருந்து நிகழ்வுப் பதிவுகளைப் பெறுதல், (ஆ) ஒவ்வொரு பயனரின் வழக்கமான நடத்தையைப் பழைய பதிவுகளில் இருந்து கணித்தல், (இ) வழக்கத்தில் இருந்து விலகும் நிகழ்வுகளை அந்தந்தப் பயனரின் கணக்கில் சேர்த்தல், (ஈ) சேர்ந்தவை ஒரு வரம்பைத் தாண்டினால் அந்தப் பயனரின் இணைப்பைத் துண்டித்தல் ஆகியவை அடங்கும்."

இப்போது இன்னொருவரின் மென்பொருள் அ, ஆ, இ மூன்றையும் செய்கிறது, ஆனால் இணைப்பைத் துண்டிக்காமல் நிர்வாகிக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமைகோரலின் சொற்படி பார்த்தால் அது மீறல் இல்லை. ஒரு உரிமைகோரலில் உள்ள எல்லாக் கூறுகளும் பொருந்தினால்தான் மீறல்.

இதனால் புதியவர்களுக்கு விசித்திரமாகப் படும் ஒன்று நடக்கிறது. உரிமைகோரல் நீள நீள உரிமை சுருங்குகிறது. ஒவ்வொரு கூறும் ஒரு வேலி. நிபந்தனைகளை அடுக்கி ஒரு பக்கத்துக்கு நீளும் வாக்கியத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இரண்டே வரியில் முடிந்துவிடும் உரிமைகோரலைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆனால் அவ்வளவு அகலமான உரிமைகோரலை, இதெல்லாம் ஏற்கெனவே இருந்ததுதானே என்று சொல்லி உடைப்பதும் எளிது. காப்புரிமை வழக்கறிஞர்களின் பிழைப்பே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை இவ்வளவுதான்: காப்புரிமை தடுக்கும் உரிமை; அதன் எல்லை உரிமைகோரலில் இருக்கிறது; எல்லாக் கூறுகளும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

நிகழ்வுக் கண்காணிப்பு: சேகரி, அலசு, காட்டு

கணினியில் நிகழ்வு என்றால் பதிந்து வைக்கத் தகுந்த எந்தச் செயலும்தான். யாரோ உள்நுழைந்தார், கடவுச்சொல் தவறாகிவிட்டது, ஒரு கோப்பு அழிந்தது, ஒரு நிரல் நின்றுபோனது. இவை நேரத்தோடு வரிசையாக எழுதப்படும் கோப்புக்கு லாக் என்று பெயர். யூனிக்ஸ் இயங்குதள உலகில் இன்றுவரை ஓடும் சிஸ்லாக் என்ற லாக் எழுதும் மென்பொருள் 1980-களில் எரிக் ஆல்மன் தன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக எழுதியது.

எழுதி வைப்பது பிரச்சினையே இல்லை. ஒரு பெரிய வலையமைப்பில் இப்படி எழுதப்படும் வரிகளை மனிதர்கள் உட்கார்ந்து படிக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. மிக எளிய வழி வரம்பு வைப்பது: ஐந்து முறை கடவுச்சொல் தவறினால் மணி அடி. இதில் மறதிக்காரர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள். நாளுக்கு ஒரு முறை பொறுமையாக முயலும் திருடன் தப்பிவிடுவான். அதனால் அடுத்த கட்டமாக வழக்கமான நடத்தை எது என்று கணக்கெடுத்துவிட்டு, அதில் இருந்து விலகுவதைத் தேடினார்கள். இதற்கு அடித்தளம் போட்டது டோரதி டென்னிங் 1987-இல் வெளியிட்ட ஊடுருவல் கண்டறிதல் ஆய்வு. அப்போது அவர் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். அதற்கும் அடுத்த கட்டம், தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் நிகழ்வுகளை வெவ்வேறு கணினிகளில் இருந்து எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது. இதைத் தொடர்புபடுத்தல் என்பார்கள்.

சரி, இதில் எதற்குக் காப்புரிமை கிடைக்கும்? முதலில் சொன்ன மூன்றாவது தடை இங்கேதான் வருகிறது. வெறும் கருத்துக்குக் காப்புரிமை இல்லை என்பது பழைய விதி. 2014-இல் ஆலிஸ் எதிர் சிஎல்எஸ் வங்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மென்பொருள்மேல் கடுமையாகப் பொருத்தியது. பணப் பரிமாற்றத்தில் நடுவர் ஒருவரை வைத்துக்கொள்ளும் பழைய வணிக வழக்கத்தைக் கணினியில் செய் என்று எழுதினால் அது கண்டுபிடிப்பாகாது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நீதிமன்றங்கள் இரண்டு கேள்வி கேட்கின்றன. உரிமைகோரல் ஒரு கருத்தைத்தான் குறிவைக்கிறதா? ஆம் என்றால், அதை வெறும் கருத்துக்கு மேலே தூக்கும் ஏதாவது அதில் இருக்கிறதா?

இந்தத் தேர்வில் தோற்ற கண்காணிப்புக் காப்புரிமை ஒன்றைப் பார்ப்போம். எலக்ட்ரிக் பவர் குரூப் எதிர் ஆல்ஸ்டாம், 2016. மின்கட்டமைப்பின் பல இடங்களில் இருந்து தகவலை எடுத்து, நிகழ் நேரத்தில் அலசி, திரையில் காட்டும் முறை. காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் இதைத் தள்ளியது. தகவல் சேகரிப்பது, அலசுவது, காட்டுவது மூன்றும் கருத்துகளே, அவற்றைச் செய்யப் புதிய கருவியோ புதிய நுட்பமோ உரிமைகோரலில் சொல்லப்படவில்லை என்பது காரணம். அந்த உரிமைகோரல்கள் நீளமானவை, நிபந்தனைகள் அடுக்கடுக்காக இருந்தன. அது உதவவில்லை. வேலிகளை எவ்வளவு நெருக்கமாகப் போட்டாலும் உள்ளே இருப்பது வெறும் கருத்து என்றால் எடுபடாது.

வென்றது ஒன்று: எஸ்ஆர்ஐ எதிர் சிஸ்கோ, 2019. வலையமைப்பில் பல இடங்களில் கண்காணிப்பான்களை வைத்து, குறிப்பிட்ட வகைத் தரவோட்டத் தகவலில் இருந்து சந்தேகமான செயலைக் கண்டுபிடித்து, அவை அனுப்பும் அறிக்கைகளை மேலடுக்கில் உள்ள கண்காணிப்பான்கள் தானாக ஒன்றுசேர்க்கும் முறை. அதே ஃபெடரல் சர்க்யூட் இதை ஏற்றது. கணினி இங்கே வெறும் கருவியாகப் பயன்படவில்லை, கணினி வலையமைப்பு வேலை செய்யும் விதமே மேம்படுகிறது என்றது. 2016-இல் ஜூரி சிஸ்கோமேல் விதித்த இழப்பீடு ஏறக்குறைய 2.37 கோடி டாலர்.

இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று உங்களுக்குத் தோன்றினால் வருத்தப்பட வேண்டாம். அந்த அமர்வில் இருந்த நீதிபதி லூரிக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மை பிடித்துக்கொண்ட இழை இது: முதல் வழக்கில் பயன் மின்கட்டமைப்பைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கு, அவருக்குக் கூடுதல் தகவல் கிடைக்கிறது. இரண்டாவதில் சிக்கலும் தீர்வும் வலையமைப்புக்குள்ளேயே இருக்கின்றன. மெல்லிய இழைதான். அதில் கோடிகள் தொங்குகின்றன.

எஸ்ஆர்ஐ கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு காப்புரிமை 2008-இலேயே செல்லாது என்று ஆகிவிட்டது. புதுமை இல்லை என்பது காரணம். அதை ஏற்கெனவே வெளிப்படுத்தியவர் யார் தெரியுமா? எஸ்ஆர்ஐ ஆட்களேதான். தங்கள் எமரால்டு என்ற அமைப்பைப் பற்றி 1997 அக்டோபரில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காப்புரிமை விண்ணப்பம் 1998 நவம்பரில். தன் சொந்த வெளியீட்டுக்குப் பிறகு விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் ஓர் ஆண்டு அவகாசம் தருகிறது. அந்த ஓர் ஆண்டு சில வாரங்களுக்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது.

கேம் ஸ்ட்ரீமிங்: இல்லாத படத்தை முன்கூட்டி அனுப்ப முடியாது

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கி வைப்போம். நீங்கள் விளையாடுவதை மற்றவர்கள் பார்க்கும்படி ஒளிபரப்புவதையும் ஸ்ட்ரீமிங் என்கிறோம். விளையாட்டே தொலைவில் உள்ள சர்வரில் ஓட, அதன் படம் மட்டும் உங்கள் திரைக்கு வருவதையும் அதே பெயரில்தான் அழைக்கிறோம். முதலாவதில் சில விநாடிகள் தாமதமானாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டாவதில் அவ்வளவு தாமதம் வந்தால் விளையாட்டே இல்லை. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

இணையத்தில் ஒரு திரைப்படம் தடங்கல் இல்லாமல் ஓடுவதற்குக் காரணம் பஃபர். வரப்போகும் சில விநாடிக் காட்சியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது. விளையாட்டில் இது முடியாது. அடுத்த காட்சி என்ன என்பது நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அழுத்தும்வரை அந்தப் படம் உலகில் எங்கும் இல்லை.

நீங்கள் அழுத்தியதும் அந்தச் செய்தி சர்வருக்குப் போகிறது. சர்வர் விளையாட்டின் நிலையை மாற்றி, புதிய ஃபிரேமை, அதாவது காட்சியின் அடுத்த ஒற்றைப் படத்தை, வரைகிறது. வரைந்ததைச் சுருக்கி அனுப்புகிறது. உங்கள் கருவி அதை விரித்துத் திரையில் காட்டுகிறது. அழுத்தியதில் இருந்து காட்சி மாறும்வரை ஆகும் மொத்த நேரம்தான் தாமதம். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமின் ஆயுள் 16.7 மில்லிவிநாடி. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப ஒளிக்கு மட்டுமே 10 மில்லிவிநாடி. ஒரு ஃபிரேமின் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. வழியில் உள்ள ரவுட்டர்கள், சுருக்கல், விரித்தல் எல்லாம் அதற்கு மேல். இந்தக் கணக்கோடு எந்த நீதிமன்றத்தாலும் பேரம் பேச முடியாது.

அதனால் இந்தத் துறையின் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் மில்லிவிநாடிகளை எங்கே பிடுங்குவது என்பதைப் பற்றியவை. ஆன்லைவ் பதிவு செய்தவற்றில் ஒன்றைப் பார்ப்போம். வீடியோவைச் சுருக்கும்போது சில ஃபிரேம்கள் முழுப் படமாக அனுப்பப்படும், இவை ஐ-ஃபிரேம். மற்றவை முந்தையதில் இருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும், இவை பி-ஃபிரேம். ஐ-ஃபிரேம் பல மடங்கு பெரியது. அது வரும் நேரத்தில் இணைப்பு திணறும், படம் ஒரு கணம் தடுமாறும். திரைப்படத்தில் பஃபர் இதை மறைத்துவிடும், விளையாட்டில் மறைக்க எதுவும் இல்லை.

ஆன்லைவ் ஆவணங்கள் விவரிக்கும் வழி இது. படத்தைக் கட்டங்களாகப் பிரித்துவிடு. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு கட்டத்தை மட்டும் முழுமையாக அனுப்பு, மற்றவற்றுக்கு மாற்றத்தை மட்டும் அனுப்பு. அடுத்த ஃபிரேமில் அடுத்த கட்டத்தின் முறை. இப்படிச் சுற்றிக்கொண்டே வந்தால் முழுப் படமும் அவ்வப்போது புதுப்பிக்கப்படும், ஆனால் எந்த ஒரு ஃபிரேமும் அளவுக்கு மீறிப் பெரிதாகாது. இன்னொரு ஆவணத்தில், எந்த ஃபிரேம் சரியாக வந்து சேர்ந்தது என்று பயனரின் கருவி சர்வருக்குத் திருப்பிச் சொல்லும். வழியில் ஒன்று தொலைந்தால், சர்வர் கடைசியாக நல்லபடி வந்து சேர்ந்த ஃபிரேமை அடிப்படையாக வைத்து அடுத்ததைச் சுருக்கும். தொலைந்ததைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் காத்திருக்க வேண்டியதில்லை.

'தொலைவில் விளையாட்டை ஓடவிட்டுப் படத்தை அனுப்பு' என்பது யோசனை. 'ஃபிரேமுக்கு ஒரு கட்டம் என்று சுழற்றி முழுமையாக அனுப்பு' என்பது முறை. இரண்டாவதற்கு எல்லை போடலாம். அதை மனிதர் காகிதத்தில் செய்து பார்த்திருக்கலாமே என்று யாரும் வாதாட முடியாது. கண்காணிப்புக் காப்புரிமைகள் தடுக்கி விழும் இடத்தில் ஸ்ட்ரீமிங் காப்புரிமைகளுக்குக் கால் ஊன்ற இடம் கிடைப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் போட்டியாளர் அதே திணறலை வேறு வழியில் தீர்த்துக்கொள்ளலாம், அதைத் தடுக்க முடியாது. ஆன்லைவ் 2015 ஏப்ரல் 30-இல் சேவையை நிறுத்தியபோது சோனி அதனிடம் வாங்கியதில் முக்கியமானது காப்புரிமைகளும் விண்ணப்பங்களும்தான்.

தாமதத்தைக் குறைக்காமல் ஏமாற்றுவது வேறொரு வழி. பயனர் அடுத்து என்ன செய்யக்கூடும் என்று ஊகித்து, சாத்தியமான காட்சிகளை முன்கூட்டியே வரைந்து அனுப்பிவிடுவது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அவுட்டாடைம் என்ற பெயரில் இதைச் செய்து காட்டினார்கள், 250 மில்லிவிநாடி வரையான வலையமைப்புத் தாமதத்தை மறைக்க முடிந்தது என்றார்கள். விலை என்னவென்றால், சர்வர் வீணாகப் போகக்கூடிய ஃபிரேம்களையும் வரைய வேண்டும்.

சுருக்கமாக: விளையாட்டில் பஃபர் உதவாது, தாமதத்துக்கு இயற்பியல் ஓர் அடிமட்டம் வைத்திருக்கிறது, காப்புரிமை பெறுவது அந்த அடிமட்டத்துக்கு அருகே போகும் குறிப்பிட்ட முறைகள்.

நாடு மாறினால்

காப்புரிமை பொதுவாக அதை வழங்கிய நாட்டுக்குள் மட்டும் செல்லும். உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கை 'கணினி நிரல் என்ற அளவில்' காப்புரிமை இல்லை என்கிறது. தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றைத் தீர்த்தால் கதவு திறக்கும். இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவும் நிரலை மட்டுமே தனியாகக் கொண்டுவந்தால் தள்ளிவிடும், கணித முறை, வணிக முறை, அல்காரிதம் ஆகியவற்றையும் தள்ளும். 2019-இல் தில்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில், நிரல் சம்பந்தப்பட்டது என்பதற்காகவே எல்லாவற்றையும் தள்ளக் கூடாது, தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. சொற்கள் நாட்டுக்கு நாடு வேறு, சுற்றிச் சுற்றி வரும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்தால்

முதலில் எண்ணின் முடிவைப் பாருங்கள். அமெரிக்க ஆவணத்தில் ஏ1 என்று முடிந்தால் அது வெளியிடப்பட்ட விண்ணப்பம் மட்டுமே. பொதுவாக விண்ணப்பித்து 18 மாதத்தில் தானாக வெளியாகும், யாரும் அதற்கு ஒப்புதல் தரவில்லை. பி1, பி2 என்றால்தான் வழங்கப்பட்டது. இந்த நிறுவனம் இதற்குக் காப்புரிமை பெற்றது என்று வரும் செய்திகளில் பல, ஏ1 ஆவணத்தைப் பார்த்து எழுதப்பட்டவை.

அப்புறம் நேராக முதலாம் உரிமைகோரலுக்குப் போங்கள். கூறுகளைப் பிரித்து எழுதி, எந்தக் கூறு இல்லாமலும் அதே வேலையைச் செய்ய முடியுமா என்று பாருங்கள். "முதலாம் உரிமைகோரலில் சொன்ன முறையில்" என்று தொடங்கும் மற்றவை அதையே இன்னும் குறுக்குபவை, அவசரத்துக்கு அவற்றைத் தாண்டிவிடலாம். விண்ணப்ப நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்று பார்க்கும்போது இதுகூடவா கண்டுபிடிப்பு என்று சிரிப்பு வரும் பல விஷயங்கள் அந்த நாளில் அப்படி இருந்திருக்காது.

விளக்கப் பகுதியைக் கடைசியில் படியுங்கள். வழக்கறிஞர் மொழியில் வரும் முதல் சில பத்திகளைத் தள்ளிவிட்டுப் படங்களை விளக்கும் இடத்தில் தொடங்கினால், ஒரு அமைப்பை அதைக் கட்டியவர்களே பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டுவது கிடைக்கும். ஆன்லைவ் ஆவணங்களில் வீடியோச் சுருக்கம் பற்றி வரும் பக்கங்கள் அப்படிப்பட்டவை.